இன்று என்னும் சீட்டு

டோர்ஷானில் மழை மேலிருந்து விழாது.
பக்கவாட்டில் வரும்,
கடன் கேட்க வந்தவன் மாதிரி நேரே முகத்துக்கு.
படகுக் கம்பெனியின் மாடியறையில்
எனக்கு இரவுப் பணி.
தீவுத்துறைகளில் ஏழு திரைகள்.
ஏழும் படிப்பது ஒரே பெயரை:
'இன்று'.

'இன்று' ஒரு ஃபைலே அல்ல.
அதற்குள் புறப்பாடும் இல்லை, வருகையும் இல்லை.
வேறொரு பெயரை எழுதிவைத்த சீட்டு, அவ்வளவுதான்.
அந்தப் பெயரில் எத்தனை எழுத்தோ
அத்தனைதான் அதன் கனம்.

சீட்டெழுதக் கெர்னலைக் கூப்பிட வேண்டும்.
சிம்லிங்க் என்று அழைத்து இரண்டு பெயர் கொடுப்பேன்.
போக வேண்டிய இடம் முதலில்,
சீட்டின் பெயர் பிறகு.
பத்து வருடமாக
எது முதல் என்று தடுமாறுகிறேன்.
ஹானுசிடம் கேட்டால்
அவனும் கையேட்டைத்தான் திறக்கிறான்.

கெர்னல் ஒன்று மட்டும் கேட்டதே இல்லை:
அங்கே ஏதாவது இருக்கிறதா?
போன மாதம் 'புயல்' என்று எழுதச் சொன்னேன்.
புயல் அட்டவணையை ஹானுஸ் தொடங்கவே இல்லை,
அவன் வீட்டு அடுப்பில் மீன் வெந்துகொண்டிருந்தது.
பூஜ்யம், என்றது கெர்னல்.
அதன் ஊரில் பூஜ்யம் என்றால் சரி.
முக்கால் மணி நேரம்
இல்லாத ஒன்றைக் கைகாட்டி நின்றது சீட்டு.
பிறகு அவன் எழுதிச் சேமித்தான்,
ஒரே வரி: காத்திருங்கள்.
யாரும் தொடாமலே
என் பொய் மெய்யாகிவிட்டது.

அவன் ஒருமுறை தூக்கக் கலக்கத்தில்
'இன்று'வை 'நேற்று'க்குக் காட்டி,
'நேற்று'வை 'இன்று'க்குக் காட்டிவிட்டான்.
நாற்பது தரம் போய் வந்து
கெர்னல் கையை விரித்தது.
அதற்கே பொறுமை நாற்பதுதான்.

பிப்ரவரி பதினொன்று, விடியுமுன் நாலு பத்து.
காற்று அடங்கிவிட்டது, படகு ஓடும் என்று உத்தரவு.
சீட்டைத் திருப்ப அழைத்தேன்.
மைனஸ் ஒன்று.
பிழை எண் பதினேழு:
அந்தப் பெயரில் ஏற்கெனவே ஆள் உண்டு.
எழுதிய சீட்டின்மேல் அது எழுதாது.
நீக்கினேன்.
நீக்கினால் சீட்டுதான் போகும்.
புயல் அலுங்காமல் தன் இடத்தில் கிடக்கும்.
உடனே புதிதாக எழுதினேன்.

நீக்கியதற்கும் எழுதியதற்கும் நடுவே
ஒரு கொட்டாவிக்குக்கூட இடமில்லை.
ஆனால் ஸ்கூவோய்த் துறையின் திரை
நிமிடத்துக்கு ஒருதரம்தான் கண் திறக்கும்.
அன்று சரியாக அந்தக் கீறலில் திறந்தது.
'இன்று' இல்லை என்று படித்தது.
அடுத்த நிமிடம் வரை
வெள்ளையாக நின்றது.

பிரிதா யாகுப்ஸ்டோட்டிர்,
மீன் ஆலையில் காலை ஷிஃப்ட்,
வெள்ளையைப் பார்த்தாள்.
தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு
மேடேறி வீட்டுக்குப் போனாள்.
படகு வந்தது, போனது.
அவளுக்கு அரைநாள் கூலி.

புகாரில் மூன்று வரி.
கடைசி வரி:
திரையில் இன்று இல்லை. நான் துறையில்தான் இருந்தேன்.

இப்போது பழைய சீட்டை நான் தொடுவதில்லை.
புதியதை ஓரமாக எழுதுகிறேன்,
எந்தத் திரையும் படிக்காத ஒரு பெயரில்.
பிறகு ரீநேம்.
ஒரே அழைப்பு,
ஒரு பெயரின்மேல் இன்னொன்று வந்து உட்காரும்.
பார்க்கிறவருக்குப் பழைய இன்று கிடைக்கும்,
அல்லது புதிய இன்று.
மூன்றாவது ஒன்று இருந்ததென்று
இனி யாரும் எனக்கு எழுத வேண்டியிருக்காது.

மாற்றியபின் ஒருநாள்
ஸ்கூவோய்க்குப் போய்த் திரையடியில் நின்றேன்.
நாலு நாற்பது, என்றது.
பிரிதாவாகத்தான் இருக்க வேண்டும்,
ஆலையின் மஞ்சள் கோட்டு.
திரைக்கு முதுகு காட்டி நின்று
கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் யாரென்று சொல்லவில்லை.
படகின் விளக்கு தெரிந்தபோது
மணி நாலு நாற்பத்தாறு.